வேலையும் ஆற்றலும்

'வேலை' என்னும் சொல்லுக்குத் தமிழிற் பொருள்கள் பல. செய்தொழிலை வேலை என்று கூறுதல் யாவரும் அறிந்ததே. பழைய நூல்களோ கடலையும் கடற்கரையையும் வேலை என்று வழங்கும். பொழுதினையும் அச்சொல் குறிக்கும். சென்னை மாநகரின் வடபுறத்தே, இராயபுரந் தொடங்கித் திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர்க் கழிமுகம் வரை செல்வார்க்கு இப்பொருள்கள் அனைத்தும் ஒருங்கே புலனாகும். கிழக்கே அலைவீசிக் கிடப்பது வேலை. மேற்கே துறைமுகத்திலும் பட்டறைகளிலும் ஆலைகளிலும் நிகழ்வது வேலை. ஆலைச் சங்கு ஊதி அறிவிப்பதும் வேலை தொடங்கும் வேலையே. இவற்றின் வேறாக, இயற்பியல் நூலார் அச்சொல்லுக்கு மற்றுமொரு பொருள் வகுத்துள்ளனர். அப்பொருளை யான் கற்க நேர்ந்த வரலாற்றையும், கற்றதனால் எய்திய தெளிவையும் இப்பாடத்திற் கூறுவேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகட்கு முன்னர் வடசென்னைப் பள்ளியொன்றில் யான் தமிழாசிரியனாகப் பணியாற்றி வந்தேன். ஒருநாள் அறிவியலாசிரியர் வாராமையால், அவர்தம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளுமாறு தலைமையாசிரியர் என்னைப் பணித்தார். யானும் வகுப்பிற்குச் சென்று, அன்றைய பாடத்தை ஒருவர்பின் ஒருவராக வாய்விட்டுப் படிக்குமாறு மாணவர்க்குக் கூறி, செவிமடுத்திருந்தேன். தலையிற் சுமையுடன் சமதரையில் நடந்து செல்பவன் புவியீர்ப்புக்கு எதிராக வேலை எதுவும் செய்வதில்லை என்னும் கருத்து அப்பாடத்தில் வந்தது. அதனைக் கேட்டதும் கடைசி வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். அவனுடைய தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளி என்பதை யான் அறிவேன்.

"ஐயா, என் தந்தையார் விடியுமுன் எழுந்து துறைமுகத்துக்குச் செல்கின்றார், இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றார். அவர் தோள் காய்த்துப் போயிருக்கின்றது. அவர் செய்வது வேலையில்லை என்றா இந்நூல் கூறுகின்றது?" என்று அவன் வினவினான்.

வகுப்பிற் சிலர் சிரித்தனர். சிறுவனின் முகம் வாடிற்று. "தம்பி, நீ கேட்டது நல்ல வினா. அதற்கு விடைகூறும் பயிற்சி எனக்கு இல்லை. கற்றுக்கொண்டு வந்து உனக்குக் கூறுவேன். இப்பொழுது உட்கார்" என்று சொல்லி அவனை அமர்த்தினேன். ஆயினும் அவன் வினா என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. மறுநாள் அறிவியலாசிரியரை அணுகி, மாணவன் ஒருவன் கேட்பது போலவே கேட்டு, மாலைதோறும் அவரிடம் பாடங் கேட்கலானேன். அவரும் பொறுமையுடன் விளக்கினார். யான் கற்றவை வருமாறு.

ஒவ்வொரு கலைக்கும் தனக்கெனச் சில குறியீடுகள் உண்டு. இலக்கணம் கற்ற நமக்கு இது புதிதன்று. உலக வழக்கில் உயிர் என்பது உடலின்கண் நின்று இயக்குவது. மெய் என்பது உடம்பு, அல்லது உண்மை. எழுத்திலக்கணத்திலோ உயிர் என்பது அகரம் முதலிய பன்னிரண்டு எழுத்து. மெய் என்பது ககரம் முதலிய பதினெட்டு எழுத்து. இலக்கணப் புலவன் ஓர் எழுத்தை உயிரன்று என்று கூறுங்கால், அவன் எவ்வுயிரையும் இழித்துரைத்தான் ஆகான். அதுபோலவே, இயற்பியலார் ஒரு செயலை வேலையன்று என்று கூறுங்கால், அதனைச் செய்தவரின் உழைப்பை இகழ்ந்தார் ஆகார். தாம் வகுத்த ஓர் அளவை அங்கே பொருந்தவில்லை என்பதே அவர்தம் கருத்து.

அவ்வளவை யாது? ஒரு பொருளின்மீது விசையொன்று செயற்பட்டு, அவ்விசையின் திசையிலேயே அப்பொருள் இடம்பெயருமாயின், அங்கே வேலை நடைபெற்றது என்பர். விசையின் அளவையும், அதன் திசையிற் பொருள் பெயர்ந்த தொலைவையும் பெருக்கிவரும் தொகையே வேலையின் அளவு. இவ்வரையறையைப் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் என்பார் 1829 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் நிலைநாட்டினார். பொறிகள் பல்கி வந்த காலம் அது. எப்பொறி எவ்வளவு செய்தது என்பதை ஒப்பிட்டு அறிய ஒரு பொதுவளவை வேண்டப்பட்டது. அத்தேவையினின்றே இவ்வரையறை பிறந்தது.

காசிமேட்டுக் கடற்கரையில் மணலிற் புதைந்த படகொன்றைச் சிலர் கூடித் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளியும் படகு அசையவில்லை எனின், பெயர்ந்த தொலைவு சுழியம். ஆகவே படகின்மீது நிகழ்ந்த வேலையும் சுழியம். மேலும் இருவர் வந்து கைகொடுக்கப் படகு நகர்கின்றது. 600 நியூட்டன் விசையால் 10 மீட்டர் தொலைவு அது தள்ளப்பட்டதாயின், நிகழ்ந்த வேலை 6,000 அலகாகும். அவ்வலகின் பெயர் ஜூல்.

ஈண்டு அலகுகளைப் பற்றிச் சிறிது அறிதல் நலம். ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளின் வேகத்தை, ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் பெருக்கும் விசை ஒரு நியூட்டன் எனப்படும். ஒரு நியூட்டன் விசை ஒரு பொருளை ஒரு மீட்டர் நகர்த்தினால் நிகழும் வேலை ஒரு ஜூல். ஏறத்தாழ நூறு கிராம் எடையுள்ள ஒரு கொய்யாப்பழத்தைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால், நீங்கள் ஒரு ஜூல் வேலை செய்தவர் ஆவீர்கள். முற்காலப் பாடநூல்களில் இயற்பியல் பௌதிகம் என்றும், ஆற்றல் சக்தி என்றும் வழங்கின. வேலையை அடி-பவுண்டு என்னும் ஆங்கில அலகாலும், எர்க் என்னும் சிற்றலகாலும் அந்நூல்கள் அளந்தன. ஓர் அடி-பவுண்டு ஏறத்தாழ 1.36 ஜூல், ஒரு கோடி எர்க் சேர்ந்தது ஒரு ஜூல். நம் நாட்டில் மெட்ரிக் அளவைமுறைக்கு வழிவகுத்த சட்டம் 1956 ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. அதன் பின்னரே மீட்டரும் கிலோகிராமும் நம் கடைத்தெருவிலும் பாடசாலையிலும் ஒருங்கே நிலைபெற்றன.

இனி, அச்சிறுவனின் தந்தையாரிடம் வருவோம். அவர் 50 கிலோகிராம் நிறையுள்ள மூட்டையொன்றைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரமுள்ள தம் தோளுக்கு ஏற்றுகின்றார். புவி ஒவ்வொரு கிலோகிராமையும் 9.8 நியூட்டன் விசையால் ஈர்க்கின்றது. ஆகவே மூட்டையின் எடை 490 நியூட்டன். அதனை 1.5 மீட்டரால் பெருக்க வருவது 735. அவர் அம்மூட்டையின்மீது 735 ஜூல் வேலை செய்தார். ஒரு நாளில் 400 மூட்டைகளை ஏற்றினாராயின் 2,94,000 ஜூல். இதனை இயற்பியல் ஐயமின்றி வேலை என்றே கொள்ளும்.

மூட்டையைத் தோளில் தாங்கியவாறு அவர் அசையாது நிற்கின்றார். இப்பொழுது மூட்டை உயரவில்லை, தாழவுமில்லை. ஆகவே மூட்டையின்மீது வேலை நிகழவில்லை. பின்னர் அவர் சமதரையில் நூறு மீட்டர் நடக்கின்றார். அவர் தோள் மூட்டையை மேல்நோக்கித் தாங்குகின்றது. மூட்டை பெயர்வதோ கிடைத்திசையில். விசையின் திசை வேறு, பெயர்ச்சியின் திசை வேறு. ஆதலின் புவியீர்ப்புக்கு எதிராக அங்கே வேலையில்லை. கப்பலின் சாய்பலகை மீது அவர் ஏறத் தொடங்கியதும் மூட்டை மீண்டும் உயர்கின்றது. வேலையும் மீண்டும் தொடங்குகின்றது. அச்சிறுவன் கேட்ட வரியின் பொருள் இவ்வளவே.

அவ்வாறாயின், அசையாது நிற்பவர்க்கும் வியர்வை பெருகுவது ஏன்? தோள் வலிப்பது ஏன்? வினாவின் உயிர்நிலை இதுவே. மூட்டையை ஒரு மரமேசையும் தாங்கும். ஆனால் மேசைக்குக் களைப்பில்லை. மனிதனின் தசை மேசை போன்றதன்று. ஒரு சுமையைத் தாங்கி நிற்குங்கால், தசையின் நுண்ணிழைகள் இடைவிடாது சுருங்கியும் நெகிழ்ந்தும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. நடக்குங்கால் ஒவ்வோர் அடிக்கும் உடல் சிறிது உயர்ந்து தாழ்கின்றது. இவற்றுக்கெல்லாம் உடல் தான் சேர்த்து வைத்த ஆற்றலைச் செலவிடுகின்றது. அவ்வாற்றல் மூட்டையைச் சென்று சேர்வதில்லை. உடலிலேயே வெப்பமாக மாறி, வியர்வையாய் வெளிப்படுகின்றது. மூட்டை பெற்றது ஒன்றுமில்லை என்பது உண்மை. தொழிலாளி இழந்தது மிகுதி என்பதும் உண்மை. நூல் முன்னதை மட்டும் கூறிற்று. சிறுவன் பின்னதைக் கண்கூடாகக் கண்டிருந்தான்.

ஆற்றல் என்பது வேலை செய்தற்குரிய தகுதி. வேலையை அளக்கும் ஜூலே ஆற்றலையும் அளக்கும் அலகாகும். வெப்பமும் ஆற்றலின் ஒரு வடிவே என்பதை ஆய்ந்து நிறுவியோருள் தலையாயவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் 1818 ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். பார்லி மது வடிக்கும் ஆலையொன்று அவர் குடும்பத்துக்கு உரியதாயிருந்தது. பல்கலைக்கழகப் பதவி எதுவும் வகியாமலே, அவர் தம் சொந்த முயற்சியால் ஆய்வு நடத்தினார். நீர் நிறைந்த கலத்தினுள் துடுப்புகள் பொருத்தி, கீழிறங்கும் எடைக்கற்களால் அவை சுழலுமாறு அமைத்தார். துடுப்புகள் நீரைக் கலக்கக் கலக்க, நீரின் வெப்பநிலை மிகச் சிறிதளவு உயர்ந்தது. எடைக்கல் இறங்கிய உயரத்தால் வேலையையும், வெப்பமானியால் வெப்பத்தையும் அளந்து, குறித்த அளவு வேலை எப்பொழுதும் குறித்த அளவு வெப்பத்தையே தரும் என்று 1840களில் அவர் காட்டினார். அவர் மறைந்த 1889 ஆம் ஆண்டிலேயே உலக மின்னியலாளர் பேரவை அவர்தம் பெயரை ஆற்றலின் அலகுக்குச் சூட்டியது.

ஜூல் கண்ட உண்மை வியப்புக்குரியது. ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4,180 ஜூல் வேண்டும். 30 பாகை வெப்பநிலையில் உள்ள அந்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 2,92,600 ஜூல் வேண்டும். முன்னர்க் கணக்கிட்ட தொகையை நினைவுகூர்மின். நானூறு மூட்டைகளைத் தோளுக்கு ஏற்றிய வேலையும் ஏறத்தாழ அவ்வளவே! அடுப்பில் ஒரு செம்பு நீர் கொதிப்பதற்குச் செல்லும் ஆற்றல், நாள்முழுதும் ஒருவர் மூட்டை ஏற்றிய வேலைக்கு நிகராகின்றது. வெப்பத்தில் மறைந்துள்ள ஆற்றல் எத்துணைப் பெரிது என்பதை இதனால் உணரலாம்.

அம்மறைந்த ஆற்றலைப் பயன்கொண்டதே நீராவிப் பொறி. தென்னாட்டின் முதற் பயணிகள் தொடர்வண்டி 1856 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளன்று இராயபுரத்திலிருந்தே புறப்பட்டு, ஆர்க்காட்டுப் பக்கத்து வாலாசா ரோடு வரை சென்றது. அந்நிலையம் இன்றும் நிற்கின்றது. எரிபொருளின் ஆற்றல் வெப்பமாகி, வெப்பம் நீராவியின் அழுத்தமாகி, அழுத்தம் உருளையை இயக்கும் வேலையாகி, வேலை வண்டியின் ஓட்டமாயிற்று. ஆற்றல் இவ்வாறு வடிவம் மாறுமேயன்றித் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை. இதுவே ஆற்றல் அழியாமை விதி.

ஓடும் பொருளுக்கு உள்ள ஆற்றல் இயக்க ஆற்றல்; உயரத்தில் இருத்தலாற் பொருளுக்கு அமைந்த ஆற்றல் நிலையாற்றல். தோளில் ஏறிய மூட்டை 735 ஜூல் நிலையாற்றலைப் பெற்றிருக்கின்றது. அது நழுவி வீழின் அவ்வளவும் இயக்க ஆற்றலாகித் தரையைத் தாக்கும். அடியில் நிற்பவரின் கால் முறிவதும் அதனாலேயே. இயக்க ஆற்றலைப் பற்றி மறவாது கொள்ளத்தக்க செய்தியொன்று உண்டு: வேகம் இருமடங்காயின் இயக்க ஆற்றல் நான்மடங்காகும். எண்ணூர் விரைவுச்சாலையிற் செல்லும் சரக்குந்து தன் வேகத்தை இரட்டித்தால், அதனை நிறுத்தும் தடை நான்கு மடங்கு வேலை செய்தல் வேண்டும். தடையின் விசை அதுவேயாயின், வண்டி நான்கு மடங்கு தொலைவு சென்றே நிற்கும். சாலையைக் கடக்கும் மாணவர் இதனை நெஞ்சிற் பதித்தல் வேண்டும்.

கடலலையும் இயக்க ஆற்றல் உடையதே. பண்டு சென்னையிற் கப்பல்கள் கரையை அணைய இயலாமல் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பெற்ற மசூலாப் படகுகளே அலைகளினூடே சென்று, ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்த்தன. 1861 ஆம் ஆண்டில் இரும்புத் தூண்களின்மேல் நீண்டதொரு பாலம் கடலுக்குள் கட்டப்பெற்றது. பின்னர்த் துறைமுகச் சுவர்கள் எழுப்பப்பட்டன. 1881 ஆம் ஆண்டில் வீசிய புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. மனிதர் பல்லாண்டு முயன்று அடுக்கிய பெருங்கற்களைக் கடல் சில பொழுதிற் பெயர்த்தெறிந்தது. அதுவும் இயற்பியல் நோக்கில் வேலையே. வேலை செய்த வேலை! மக்கள் சோர்ந்திலர். மீண்டும் கட்டினர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத் தலைவராக விளங்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில், துறைமுகத்தின் வாயில் கீழ்த்திசையினின்று வடகிழக்குக்கு மாற்றி அமைக்கப்பெற்றது.

கடல் சில பொழுதிற் செய்ததை மனிதர் செய்யப் பல்லாண்டு சென்றன. வேலை எவ்வளவு என்பது ஒன்று. அஃது எவ்வளவு விரைவில் முடிந்தது என்பது பிறிதொன்று. பின்னதனை அளப்பது திறன். ஒரு வினாடிக்கு ஒரு ஜூல் வேலை நிகழுமாயின், அத்திறன் ஒரு வாட் எனப்படும். நீராவிப் பொறியைத் திருத்தியமைத்த ஸ்காத்லாந்து அறிஞர் ஜேம்ஸ் வாட் என்பாரின் நினைவாக அப்பெயர் அமைந்தது. குதிரைகளைப் பூட்டிப் பொறிகளை இயக்கி வந்தவர்க்குத் தம் பொறியின் திறனை எடுத்துக்காட்ட வேண்டி, அவரே குதிரைத்திறன் என்னும் அளவையை வகுத்தார். அது 746 வாட்டுக்குச் சமம்.

சென்னைத் துறைமுகத்தில் 1983 ஆம் ஆண்டில் சரக்குப் பெட்டக முனையம் தொடங்கப்பெற்றது. 20,000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பெட்டகத்தைப் பாரந்தூக்கி 15 மீட்டர் உயர்த்துவதாகக் கொள்வோம். அவ்வேலை 29,40,000 ஜூல். அரை நிமிடத்தில் அது முடிந்தால், திறன் 98,000 வாட். அஃதாவது ஏறத்தாழ 131 குதிரைத்திறன். நல்ல உடல்வலி வாய்ந்த ஒருவர் நாள்முழுதும் இடையறாது உழைக்குங்கால் அவரிடம் காணும் திறனோ ஏறத்தாழ 75 வாட் மட்டுமே. அத்திறனில் அவர் எட்டு மணி நேரம் உழைப்பினும் 21,60,000 ஜூல் வேலையே முடியும். பொறி அரை நிமிடத்திற் செய்ததை அவர் ஒரு நாளிலும் செய்து முடித்தல் இயலாது.

குறித்த வேலையைப் பாதி நேரத்தில் முடிக்க இருமடங்கு திறன் வேண்டும். பொறிக்கு எரிபொருளை மிகுத்தால் அஃது இயலும். மனித உடலுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்து உழைக்குமாறு வருத்தினால் உடல் நலியும். உழைப்புக்குக் கால வரம்பு வேண்டும், எட்டு மணி நேரமே வேலை நேரமாதல் வேண்டும் என்று தொழிலாளர் கேட்டதன் உண்மை இதனாலும் விளங்கும். மீனவர் குடியிற் பிறந்த ம. சிங்காரவேலர், 1923 ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில், இந்திய நாட்டிலேயே முதன்முறையாகத் தொழிலாளர் நாளைக் கொண்டாடினார். அவர் தொழிலாளர் தலைவர் மட்டுமல்லர். அறிவியற் கருத்துகளை எளிய மக்களுக்காகத் தமிழில் எழுதியவருமாவார். அறிவியலும் உழைப்பாளர் நலமும் அவருள்ளத்தில் ஒன்றியிருந்தமை கருதத்தக்கது.

உழைப்பவர்க்கு உணவு எவ்வளவு வேண்டும் என்பதையும் இக்கணக்கே காட்டும். நாம் உண்ணும் உணவின் ஆற்றலில், உழைப்பின்போது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே புறவேலையாகின்றது. எஞ்சியது வெப்பமாகி நீங்குகின்றது. ஆகவே 21,60,000 ஜூல் வேலைக்கு அதனினும் நான்மடங்கு, அஃதாவது 86,40,000 ஜூல் ஆற்றல் வேண்டும். நூறு கிராம் அரிசியில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ பதினான்கரை இலட்சம் ஜூல். ஆதலின், வாளா இருப்பவர்க்கு வேண்டும் உணவின்மேல், ஏறத்தாழ அறுநூறு கிராம் அரிசிக்கு ஈடான உணவு அத்தொழிலாளிக்கு மிகுதியாக வேண்டும். அவருடைய தட்டில் சோறு குறையுமாயின், அவர்தம் உடலே எரிபொருளாகித் தேயும்.

இனி, மின்னாற்றலைக் காண்போம். மின்கட்டணத்தில் 'யூனிட்' என்று நாம் வழங்குவது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் வாட் திறன் ஒரு மணி நேரம் செயற்பட்டால் செலவாகும் ஆற்றல் அது. ஒரு மணிக்கு 3,600 வினாடிகள். ஆகவே ஒரு யூனிட் 36,00,000 ஜூல். இதனை 735 ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 4,900 மூட்டைகளைத் தோளுக்கு ஏற்றிய வேலை அந்த ஒரு யூனிட்டில் அடங்கியுள்ளது! முற்கூறிய தொழிலாளியின் ஒரு நாளைய வேலை யூனிட்டுக்கு ஆறில் ஐந்து பங்கும் ஆகாது. பத்தில் ஆறு பங்கே.

நம் வீட்டுக் கூரையிற் சுழலும் மின்விசிறியின் திறன் பழைய அமைப்பில் ஏறத்தாழ 75 வாட். ஒருவருமில்லாத அறையில் அஃது எட்டு மணி நேரம் வீணே சுழன்றால், செலவாகும் ஆற்றல் 21,60,000 ஜூல். அஃதாவது, மனிதர் ஒருவர் காலை முதல் மாலை வரை உழைத்த உழைப்பு முழுவதும் காற்றிற் கரைந்தொழிகின்றது. அதற்குரிய கட்டணம் சில காசுகளோ சில ரூபாய்களோ ஆதலின் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. பணத்தால் அளந்தால் சிறிதாகத் தோன்றுவது, உழைப்பால் அளக்கும்பொழுது பெரிதாகத் தோன்றுகின்றது.

அம்மின்னாற்றலும் எளிதில் வருவதன்று. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கி, 2017 ஆம் ஆண்டு வரை மின்சாரம் வழங்கிற்று. அதன் நிறுவுதிறன் 450 மெகாவாட். அதன் வடக்கே அத்திப்பட்டுப் பகுதியில், 1990களில் அமைக்கப்பெற்ற வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதற்கட்டத்தில், 210 மெகாவாட் திறனுள்ள மின்னாக்கப் பொறிகள் மூன்று உள்ளன. அவற்றுள் ஒன்று முழுத்திறனுடன் ஒரு மணி நேரம் இயங்கினால் 2,10,000 யூனிட் மின்சாரம் உண்டாகும். மூன்றரை இலட்சம் தொழிலாளர் ஒரு நாள் முழுதும் செய்யும் வேலைக்கு அது நிகர். இத்துணை ஆற்றலைத் தருவது நிலக்கரி. அந்நிலக்கரியை இறக்குதற்கென்றே எண்ணூரில் புதிய துறைமுகமொன்று 2001 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. இப்பொழுது அது காமராசர் துறைமுகம் என வழங்குகின்றது.

அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகின்றது. எஞ்சிய இரு பங்கும் வெப்பமாகிக் காற்றிலும் நீரிலும் கலக்கின்றன. ஆற்றல் அழிவதில்லை என்பது மெய்யே. ஆனால் சிதறிப்போன வெப்பம் மீண்டும் நம் கைக்கு எளிதில் வாராது. எரிந்த கரியின் சாம்பலும் எங்கேனும் தங்கியே ஆகவேண்டும். எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசத்தலையாற்றிலும் அச்சாம்பல் படிந்து, இறாலும் மீனும் பிடித்து வாழும் மக்களுக்கு இடர் விளைத்தமை பலரும் அறிந்ததே. நாம் வீணாக்கும் ஒவ்வொரு யூனிட்டின் பின்னும், தோண்டிய கரியும், படிந்த சாம்பலும், அவற்றினிடையே வாழும் மனிதரும் உள்ளனர்.

இவ்வளவும் கற்றுத் தெளிந்தபின், அறிவியலாசிரியரின் இசைவுடன் அவ்வகுப்பிற்கு மீண்டும் சென்றேன். அச்சிறுவனை அழைத்து, மாணவர் அனைவரும் கேட்குமாறு கூறினேன்: "தம்பி, உன் தந்தையார் மூட்டையைத் தூக்குங்கால் வேலை செய்கின்றார். அதனைத் தாங்கி நிற்குங்காலும் சுமந்து நடக்குங்காலும் மூட்டைக்கு ஆற்றல் சேர்வதில்லை. ஆயினும் உன் தந்தையார் தம் உடலாற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றார். நூல் அளந்தது மூட்டை பெற்றதை. நீ கண்டது தந்தையார் தந்ததை. இரண்டும் மெய்யே. ஒருவர் எத்தனை ஜூல் வேலை செய்தார் என்பதை நூல் அளக்கும். அவர் எத்துணை மதிப்புக்குரியவர் என்பதை அளக்க அந்நூல் எழுதப்படவில்லை."

பின்னர், விசிறியின் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். முன்னாளிற் சிரித்த மாணவரும் அதனைத் தம் ஏடுகளில் எழுதிக்கொண்டனர். மறுநாட் காலை அச்சிறுவன் என்னிடம் ஓடிவந்தான். "ஐயா, நீங்கள் சொன்னதை நேற்றிரவு தந்தையாரிடம் கூறினேன். அவர் சிரித்தார். பிறகு, ஆளில்லாத அறையில் ஓடிக்கொண்டிருந்த விசிறியைத் தாமே எழுந்து சென்று நிறுத்தினார்" என்றான்.

மாணவர்களே! இயற்பியல் கற்பிக்கும் வேலை, ஆற்றல், திறன் என்னும் மூன்றையும் பிழையின்றி வேறுபடுத்தி அறியுங்கள். அவற்றின் அலகுகளாகிய ஜூலையும் வாட்டையும் யூனிட்டையும் கணக்கிட்டுப் பழகுங்கள். கணக்கு முடிந்தபின், அவ்வெண்களுக்குப் பின்னே நிற்கும் உழைப்பாளரையும் எண்ணிப் பாருங்கள். அறையை விட்டு வெளியேறுங்கால் விளக்கையும் விசிறியையும் நிறுத்துங்கள். அச்சிறு செயலுக்கு வேண்டும் ஆற்றல் ஒரு ஜூலும் ஆகாது; அதனாற் காக்கப்படுவதோ ஒரு மனிதரின் ஒரு நாளைய உழைப்பு.